போர் நூதனசாலைகள்: ஆயுதங்கள் சொல்லாததைச் சொல்லும் உடைமைகள்

போர் நூதனசாலை என்றதும் பலருக்கும் நினைவில் வருபவை பீரங்கிகள், சீருடைகள், வரைபடங்கள். எந்தப் படை எந்த இடத்தை எப்போது கைப்பற்றியது என்பதை அவை விளக்கும். அங்கு வாழ்ந்த சனங்களுக்கு என்ன நடந்தது என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்வதற்குச் சில நூதனசாலைகள் சாதாரண மக்களின் உடைமைகளை நம்பின.

ஹிரோசிமா

1945 ஓகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோசிமா மீது அணுகுண்டு வீசப்பட்டது. அங்குள்ள அமைதி நினைவு நூதனசாலை 1955இல் திறக்கப்பட்டது. அதில் கருகித் துருப்பிடித்த மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று உள்ளது. அதை ஓட்டிக்கொண்டிருந்த மூன்று வயதுச் சிறுவன் அன்றிரவே இறந்தான். தனியே கல்லறையில் விட மனமில்லாத தகப்பன், அவனைச் சைக்கிளோடு வீட்டு வளவிலேயே புதைத்தார். 1985இல் எச்சங்களைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றியபோது வெளியே எடுத்த சைக்கிளை நூதனசாலைக்குக் கொடுத்தார்.

தோல் உரிந்த மனிதர்களைச் சித்திரித்த உருவ பொம்மைகளும் அங்கு நீண்டகாலம் இருந்தன. எதிர்ப்புகளுக்கு மத்தியிலும் 2017இல் அவை அகற்றப்பட்டன. 2019இல் மீளத் திறக்கப்பட்ட பிரதான கட்டடத்தில் இறந்தவர்களின் உண்மையான உடைமைகளும் புகைப்படங்களும், உயிர் தப்பியோர் வரைந்த ஓவியங்களும் முதன்மை பெற்றன.

சராயேவோ

பொஸ்னியத் தலைநகர் சராயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை முற்றுகைக்குள் இருந்தது. அந்த முற்றுகையில் சிறுவனாக வாழ்ந்த யஸ்மிங்கோ ஹலிலோவிச், போர்க்காலச் சிறுபராயம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று 2010இல் இணையவழியாகக் கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சுருக்கமாகப் பதில் எழுதினர். அவை 2013இல் நூலாயின. 2017 ஜனவரியில் போர்ச் சிறுபராய நூதனசாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஐரோப்பியப் பேரவையின் நூதனசாலை விருது அதற்குக் கிடைத்தது.

விளையாட்டுப் பொருட்கள், நாட்குறிப்புகள், பலே நடனச் சப்பாத்துகள் போன்றவையே அங்குள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் உரியவரின் சொற்களிலேயே ஒரு சிறு குறிப்பு இருக்கும். காணொளி வாக்குமூலங்களும் சேகரிக்கப்படுகின்றன. பார்வையாளர் ஒரு குறிப்பை வாசித்து முடித்த பின் அந்தப் பொருளை மறுபடி பார்க்கிறார். அப்போது அது வெறும் சப்பாத்தாகத் தெரிவதில்லை.

எங்கள் மண்ணில்

2009இன் பின்னர் புதுக்குடியிருப்பில் கைப்பற்றப்பட்ட ஆயுதங்களும் படகுகளும் இராணுவத்தினரால் காட்சிப்படுத்தப்பட்டன. ஆனையிறவில் கவசமிட்ட புல்டோசர் ஒன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. இவை படையினரின் வெற்றியைச் சொல்கின்றன. பதுங்குகுழியில் இருந்த தாய்க்கும் பிள்ளைக்கும் அங்கு இடமில்லை. மே மாதத்தில் பரிமாறப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சிதான், காட்சிக்கூடம் இல்லாமலேயே அந்த நினைவைக் கைமாற்றி வருகிறது.

இடம்பெயர்ந்தபோது கொண்டுவந்த ஒரு புகைப்படமோ, பங்கீட்டு அட்டையோ, பூட்டிவந்த வீட்டின் திறப்போ இன்றும் பல வீடுகளில் உண்டு. அது யாருடையது, எங்கிருந்து எப்போது வந்தது என்பதை உரியவர் இருக்கும்போதே, அவர் விருப்பத்தோடு, அவர் சொல்லும் விதத்திலேயே எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைக்கலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், அடுத்த தலைமுறையின் கையில் மிஞ்சுவது எந்த வீட்டினது என்று தெரியாத ஒரு திறப்பு மட்டுமே.