பெயரில்லாத மாம்மியும் ஹாட்டி மெக்டேனியலும்

ஒரு படம் நம் சனங்களை இழிவு செய்கிறது. அதே படத்தில் நம்மவள் ஒருத்தி மற்ற எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி நடித்திருக்கிறாள். கைதட்டுவதா, எழுந்து வெளியே போவதா? அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1939இலிருந்து இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். படம் ‘கான் வித் த விண்ட்’. நடிகை ஹாட்டி மெக்டேனியல். படத்தை வெறுத்தவர்களும் அவருடைய ரசிகர்களும் போட்ட சண்டை இன்னும் ஓயவில்லை. பல சமயங்களில் இரண்டு பேரும் ஒரே ஆளாகவே இருந்தார்கள் என்பதுதான் இதில் விசேசம்.

படத்தின் சங்கதியைப் பார்ப்போம். மார்கரெட் மிட்செல் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி 1936இல் வெளியிட்ட நாவல். 1937இல் புலிட்சர் பரிசு வாங்கியது. டேவிட் செல்ஸ்னிக் அதைப் படமாக எடுத்தார். ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திப் பண்ணையார் மகளின் காதல், கண்ணீர், வைராக்கியம்தான் கதை. அந்தப் பருத்தியை எடுத்த கைகளைப் பற்றிக் கதைக்கு அக்கறையில்லை. அடிமைகள் வருகிறார்கள், விசிறுகிறார்கள், சிரிக்கிறார்கள், திட்டு வாங்குகிறார்கள். போர் முடிந்து விடுதலை கிடைத்த பிறகும் எசமானியம்மாவை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே நிற்கிறார்கள். பச்சையாகச் சொன்னால் அடிமைமுறை செத்துப்போனதற்கு ஒப்பாரி வைக்கிற படம்.

படம் வருவதற்கு முன்பே எதிர்ப்புக் கிளம்பிவிட்டது. கறுப்பர் உரிமை இயக்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலாளர் வால்டர் ஒயிட் 1938இலேயே செல்ஸ்னிக்குக்குக் கடிதம் எழுதினார். ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, ‘லாஸ் ஏஞ்சலஸ் சென்டினல்’ போன்ற கறுப்பர் பத்திரிகைகள் கண்டித்தன. பலன் இல்லாமல் போகவில்லை. கறுப்பரை இழிவாக அழைக்கும் அந்த வசைச்சொல் வசனத்திலிருந்து நீக்கப்பட்டது. கூ கிளக்ஸ் கிளான் என்ற கொலைகாரக் கும்பலின் பெயரும் எடுக்கப்பட்டது. ஆனால் பாருங்கள், பெயர்தான் போனது, காரியம் அப்படியே இருக்கிறது. வெள்ளை ஆண்கள் கும்பலாக இரவில் தாக்கப் போவதைப் படத்தில் ‘அரசியல் கூட்டம்’ என்கிறார்கள். வசையை நீக்குவது சுலபம். வசையை உண்டாக்கிய கதையை நீக்க முடியாது, அதுதானே மூலதனம்!

படம் வெளிவந்ததும் 1940 சனவரியில் கறுப்பின எழுத்தாளர் கார்ல்டன் மோஸ் ‘டெய்லி ஒர்க்கர்’ ஏட்டில் செல்ஸ்னிக்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கவிஞர் மெல்வின் டால்சனின் வாதம் இன்னும் கூர்மையானது. 1915இல் வந்த ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ முழுப் பொய் என்பது முட்டாளுக்கும் தெரியும். இந்தப் படம் நயமான பொய், கோடிக்கணக்கான பேர் உண்மையென்றே விழுங்குவார்கள், ஆகவே இதுதான் ஆபத்து என்றார் அவர். மால்கம் எக்ஸ் தன்வரலாற்றில் (1965) ஒன்றைச் சொல்கிறார். மிச்சிகனில் ஒரு சிறிய ஊர்த் தியேட்டரில் சிறுவனாக இந்தப் படம் பார்க்கிறார். அரங்கத்தில் ஒரே கறுப்பர் அவர்தான். பிரிஸ்ஸி என்ற அடிமைப் பெண்ணாகப் பட்டர்ஃப்ளை மெக்குவீன் திரையில் வந்ததும், தரைவிரிப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்ததாம். மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்கக் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் அந்த அவமானம் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மாம்மி வேடத்தில் வந்த ஹாட்டி மெக்டேனியலைப் பார்த்தால் கதை வேறு. மாம்மி என்றால் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வளர்க்கிற கறுப்பு ஆயா. ஹாட்டியின் மாம்மி கூழைக்கும்பிடு போடவில்லை. எசமானி மகளின் பொய்யைக் கண்ணாலேயே கிழிக்கிறாள். அதட்டுகிறாள், முணுமுணுக்கிறாள், எடைபோடுகிறாள். குழந்தை செத்த வீட்டில் மாடிப்படி ஏறிக்கொண்டே அழுது சொல்கிற அந்த ஒரு காட்சிக்காகவே பரிசு கொடுத்தார்கள் என்று இன்றும் பேசுகிறார்கள். படத்தைத் திட்டிய கறுப்பர்கள் பலரும் அவர் நடிப்பைக் குறை சொல்லவில்லை. அவருடைய ரசிகர்கள் கேட்டது இதுதான்: எழுதிக் கொடுத்தது அடிமை வேடம், அதற்குள் ஒரு முழு மனுசியைக் கொண்டுவந்து நிறுத்தினாளே, அது சின்ன விசயமா?

சின்ன விசயம் இல்லைதான். ஆனால் அந்த முழு மனுசிக்குப் படத்தில் பெயர் இல்லை. வீடு இல்லை, புருசன் இல்லை, பிள்ளை இல்லை. மாம்மி என்பது பெயரல்ல, வேலை. வளர்த்த பிள்ளைகளுக்காக அழுகிறாள். தனக்காக அழ அவளுக்கு ஒரு காட்சிகூடக் கொடுக்கவில்லை.

ஹாட்டியின் அப்பா ஹென்றி மெக்டேனியல் அடிமையாக இருந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கறுப்பர் பிரிவில் சேர்ந்து, அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்ட தெற்குக்கு எதிராகச் சண்டை போட்டவர். உடம்பு கெட்டு, பென்சனுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். எந்தத் தெற்கை எதிர்த்து அப்பா துப்பாக்கி தூக்கினாரோ, அந்தத் தெற்கின் பெருமைக்குத்தான் மகள் திரையில் துணிமணி எடுத்துவைத்தார். வேறென்ன வழி இருந்தது? 1929 பொருளாதார வீழ்ச்சியில் மேடை வாய்ப்புப் போய், மில்வாக்கியில் ஒரு கேளிக்கை விடுதியில் கழிப்பறைப் பணியாளாக இருந்தவர் அவர். ஹாலிவுட் வந்த பிறகும் வேடம் கிடைக்காத நாளில் வீட்டுவேலை செய்தார். 1940இல் அமெரிக்காவில் வேலை பார்த்த கறுப்புப் பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஆறு பேர் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகள். வேலைக்காரியாக நடித்தால் வாரம் எழுநூறு டாலர், நிசத்தில் வேலைக்காரியாக இருந்தால் ஏழு டாலர் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. கிண்டல் போலத் தெரியும், கணக்கு அதுதான்.

வெள்ளைச் சமூகம் அவரை எங்கே உட்கார வைத்தது? 1939 டிசம்பர் 15இல் அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி. இன ஒதுக்கல் சட்டம் அமலில் இருந்த ஊர். கறுப்பு நடிகர்கள் யாரும் போகவில்லை, போகவும் முடியாது. முந்தின நாள் நடந்த விருந்தில் எபனேசர் தேவாலயத்துக் கறுப்புப் பாடகர் குழுவை அடிமை உடுப்பு மாட்டிப் பாடவைத்தார்கள். அந்தக் குழுவில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் மார்ட்டின் லூதர் கிங். 1940 பிப்ரவரி 29 இரவு லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஓட்டலில் ஆஸ்கார் விழா. கறுப்பரை அனுமதிக்காத ஓட்டல். செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்டதால் ஹாட்டியை உள்ளே விட்டார்கள்; சுவரோரம் ஒரு சின்ன மேசை, படக்குழுவிடமிருந்து தள்ளி. அங்கிருந்து எழுந்துபோய்த்தான் சிறந்த துணைநடிகை விருதை வாங்கினார். ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பர் அவர். இரண்டாவது கறுப்புப் பெண்ணாக வூப்பி கோல்ட்பெர்க் வாங்க 1991 வரை, அதாவது 51 ஆண்டுகள் ஆயின.

1942இல் வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்கு வந்து முதலாளிகளோடு பேசினார். ஆயா, வேலைக்காரன், கோமாளி வேடங்களை ஒழியுங்கள் என்றார். நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த வேடங்களில் பிழைத்துக்கொண்டிருந்த நடிகர்களை அவர் கலந்துகொள்ளவில்லை. புதிய முகமாக அவர் ஆதரித்த லேனா ஹார்ன் வெளிர்நிறத்து அழகி. ஒயிட்டும் பார்வைக்கு வெள்ளையர் போல இருப்பவர். கறுத்து, தடித்து, வயதான பெண்கள் எங்கே போவது என்ற கேள்வி ஹாட்டிக்கு வந்தது. படித்த, நடுத்தர வர்க்கத்துக் கறுப்பர்களுக்கு வேலைக்காரியைத் திரையில் பார்க்க வெட்கம்; வேலைக்காரிக்கோ தன் வேலையே வெட்கக்கேடாகப் பேசப்படுகிறதே என்ற வலி. இவ்வளவுக்கும் நடுவில் லேனா ஹார்னைத் தன் வீட்டுக்கு அழைத்துத் தைரியம் சொன்னவர் ஹாட்டிதான். லேனாவே இதைச் சொல்லியிருக்கிறார்.

எசமான விசுவாசி என்று ஹாட்டியைத் திட்டியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வரலாறு உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் சுகர் ஹில் என்று பேர்பெற்ற பகுதியில் அவர் வீடு வாங்கினார். வெள்ளையருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தைக் காட்டி அக்கம்பக்கத்து வெள்ளையர் வழக்குப் போட்டார்கள். ஹாட்டி, லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் எல்லோரும் எதிர்த்து நின்றார்கள். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1948இல் உச்சநீதிமன்றம் இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று சொன்னதற்கு முன்பே நடந்த சங்கதி இது. திரையில் பண்ணையார் வீட்டைக் காத்தவர், நிசத்தில் தன் வீட்டைக் காத்தார்.

வாய்ப்புக் கொடுத்தால் என்ன செய்வார் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1942இல் வந்த ‘இன் திஸ் அவர் லைஃப்’ படத்தில் அவருக்கு மினர்வா என்ற பெயர் உண்டு, சட்டம் படிக்கும் ஒரு மகன் உண்டு. வெள்ளைக்காரி காரேற்றிக் கொன்ற பழி அந்த மகன் தலையில் விழுகிறது. கறுப்புப் பையன் சொல்வதை யார் கேட்பார்கள் என்று தாய் பேசுகிற இடத்தில் மாம்மியின் சாயல் துளியும் இல்லை. அதே நடிகை, அதே முகம். எழுத்துதான் வேறு.

1952இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். ஹாலிவுட் கல்லறையில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெள்ளையருக்கு மட்டும் என்று மறுத்துவிட்டார்கள். 1999இல்தான் அங்கே நினைவுக்கல் வைத்தார்கள். அவருடைய விருதுப் பட்டயம் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய், பிறகு காணாமல் போனது. 2023இல் ஆஸ்கார் கழகம் மாற்றுப் பட்டயம் கொடுத்தது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எச்.பி.ஓ. மேக்ஸ் இந்தப் படத்தைச் சில நாள் எடுத்துவிட்டு, கறுப்பினத் திரைப்பட ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் முன்னுரையோடு திரும்பப் போட்டது. பழைய சண்டை மறுபடியும் ஒரு சுற்று வந்தது.

இந்த வேடப் பங்கீட்டுச் சட்டம் சாதிக்கும் பொருந்துமா என்று பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ (1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள்) படத்தில் பி.கே. ரோசி என்ற புலையர் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் மேல்சாதிக் கூட்டம் திரையின் மேல் கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. தனக்கு ஒதுக்கிய இடத்தில் நடித்தவளுக்குச் சுவரோர மேசை. அந்த இடத்தைத் தாண்டியவளுக்குக் கல்.

ஆகவே ஹாட்டி செய்தது சரியா தப்பா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், கூண்டில் ஏற வேண்டியவர்கள் பார்வையாளர் வரிசையில் சொகுசாக உட்கார்ந்திருப்பார்கள். படத்தை மன்னிக்க வேண்டியதில்லை. அழகான நடிப்பு பொய்யை உண்மையாக்கிவிடாது, இன்னும் நம்பும்படி ஆக்கும். டால்சன் பயந்தது அதற்குத்தான். ஆனால் அந்தக் கோபத்தைச் சோற்றுக்காக வேடம் கட்டியவள் மேல் கொட்டிவிட்டு, வேடத்தை எழுதியவரையும் காசு பார்த்தவரையும் விட்டுவிடக்கூடாது. மாம்மிக்குப் பெயர் வைக்காமல் விட்டது ஹாட்டி அல்ல. பேனாவும் காமிராவும் பணப்பெட்டியும் யார் கையில் இருந்தன என்று கேட்போம். நம் ஆட்கள் நடித்த பழைய படங்களைப் பற்றிப் பேசும்போதும் அந்தக் கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.