ஆங்கில ஆசிரியர் பயிற்சியும் வளரிளம் பருவ இலக்கியமும்: மைசூரு – சாமராஜநகர்ப் பின்புலம்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 1963ஆம் ஆண்டில் மைசூரில் மண்டலக் கல்வியியற் கல்லூரியை நிறுவியது. பாட அறிவையும் கற்பிக்கும் முறையையும் நான்காண்டுகளில் இணைத்துப் பயிற்றியதே அதன் புதுமை. அவ்விணைப்பில் இலக்கியத்தின் இடம் யாது என்னும் வினா ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் தீரவில்லை.

இதனை ஆராய ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' (1935) தக்க சான்றாகும். சென்னையில் பிறந்த அவருடைய தந்தை மைசூரில் தலைமையாசிரியர். அவரோ சென்னபட்டணத்தில் ஏற்ற ஆசிரியப் பணியைச் சில நாள்களிலேயே துறந்தவர். மாணவரின் சமயத்தைப் பழிக்கும் எபனேசர், பிரம்பேந்தும் தலைமையாசிரியர் ஆகியோரை நாளைய ஆசிரியர் எவர் பக்கம் நின்று படிப்பர்? அருஞ்சொற்பொருள் எழுதுவித்து முடியும் வகுப்பில் இவ்வினா எழுவதேயில்லை.

நாராயண் 1989ஆம் ஆண்டில் மாநிலங்களவையில் பள்ளிச் சிறாரின் புத்தகச் சுமை குறித்து உரையாற்றினார். யஷ்பால் குழுவின் 'சுமையற்ற கற்றல்' அறிக்கை 1993இல் வெளிவந்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு அவ்வறிக்கையை அடியொற்றியது. நாவலாசிரியரின் குரல் கலைத்திட்டம்வரை எட்டியது; பயிற்சி வகுப்பினை எட்டியதா என்பது ஐயமே.

மைசூரு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த சாமராஜநகரில் கன்னடம், தமிழ், சோலிகர் மொழி ஆகியன வீட்டுமொழிகளாக உள்ளன. அங்குள்ள மாணவர் பலருக்கு ஆங்கிலம் பள்ளியில் மட்டுமே எதிர்ப்படுவது. காவல்துறைக் கண்காணிப்பாளரின் மகனான ராஜம் பேசும் ஆங்கிலம் வகுப்புத் தோழரை மலைக்கச் செய்யும் பகுதியிலிருந்து அவர்களுக்கு இந்நாவலைத் தொடங்குதல் பொருந்தும்.