ஒரே உயரம் எல்லோருக்கும் பொருந்தாது: தச்சுப்பட்டறையில் உயரம் மாற்றும் வேலைமேசை

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நான் போய்ப் பார்த்த தச்சுப்பட்டறைகளில் வேலைமேசை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருந்தது. தடித்த பலகை, நான்கு கால், இரண்டரை அடிக்கும் மூன்று அடிக்கும் இடைப்பட்ட உயரம். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் ஒருவரை மனதில் வைத்துச் செய்த மேசை அது. போரில் ஒரு காலை இழந்தவரும், முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவரும் அதே மேசையில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதில் வேலை செய்ய இயலாதபோது, இவருக்கு இனித் தச்சுத்தொழில் சரிவராது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

வாழ்வாதார உதவியாகத் தச்சுக் கருவிகள் கொடுக்கப்படுவதையும் பார்த்திருக்கிறேன். உளி, சீவுளி, வாள், துளையிடும் மெஷின் எல்லாம் பட்டியலில் இருந்தன. மேசை இருக்கவில்லை. வாங்குபவரின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்தவரையும் நான் காணவில்லை.

வேலைக்கு ஏற்ற உயரம்

காயம் எதுவும் இல்லாத ஒருவருக்கே ஒரு நிலையான உயரம் போதாது. சீவுளி பிடிப்பதற்கு உடம்பின் பாரத்தை முன்னால் தள்ள வேண்டும். அதற்கு மேசை தாழ்வாக இருக்க வேண்டும். கழுந்தும் பொளியும் அடையாளமிட்டு அறுப்பதற்கும், செதுக்கு வேலைக்கும் கண் மரத்துக்குக் கிட்ட வர வேண்டும். அதற்கு மேசை உயர வேண்டும். அலுமாரி போன்ற பெரிய பொருளைப் பூட்டும்போது மேசை மறுபடியும் நன்றாகத் தாழ வேண்டும்.

கணக்குக்கு முழங்கையை எடுத்துக்கொள்ளலாம். நிமிர்ந்து நின்று கையை மடித்தால் முழங்கை தரையிலிருந்து 40 அங்குலத்தில் இருக்கிறது என்று வைப்போம். நுண்ணிய வேலைக்கு 42 முதல் 44 அங்குலம், சாதாரண வேலைக்கு 34 முதல் 36 அங்குலம், சீவுவதற்கு 30 முதல் 32 அங்குலம் பொருந்தும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ஓரடிக்கு மேல் வித்தியாசம் வருகிறது. உயரம் மாறாத மேசையில் அந்த வித்தியாசத்தை முதுகுதான் குனிந்து ஈடுசெய்கிறது.

காயப்பட்ட உடலுக்கு

செயற்கைக்காலோடு நிற்பவருக்கு நீண்ட நேரம் குனிவது கடினம். சமநிலை தவறும். பாரம் முழுவதும் நல்ல காலுக்குப் போகும். எஞ்சிய காலின் நுனியில் அழுத்தம் கூடிப் புண்ணாகும். மேசையை ஏற்றி இறக்க முடிந்தால் கொஞ்ச நேரம் நின்றும், கொஞ்ச நேரம் உயர்ந்த முக்காலியில் சாய்ந்தும் வேலை செய்யலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசையின் உயரத்தைவிட அதன் அடியில் உள்ள இடைவெளி முக்கியம். முழங்கால் உள்ளே போகாவிட்டால் அவர் பக்கவாட்டில் திரும்பியே வேலை செய்ய வேண்டும். அமெரிக்க அணுகல் விதிகள் முழங்காலுக்கு 27 அங்குல உயரமும் 30 அங்குல அகலமும் கொண்ட இடைவெளியையும், மேற்பரப்புக்கு 28 முதல் 34 அங்குல உயரத்தையும் கேட்கின்றன. எங்கள் பட்டறை மேசையின் பலகை மூன்று அங்குலம் தடித்தது என்றால் 27 அங்குல இடைவெளிக்கு மேற்பரப்பு 30 அங்குலம் ஆகிவிடும். அதன்கீழ் குறுக்குச் சட்டமும் இருந்தால் இன்னும் உயரும். ஆகவே அவர் இருக்கும் பக்கத்தில் குறுக்குச் சட்டத்தைத் தவிர்க்க வேண்டும்.

இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மடியில் விழுந்த உளி வெட்டியதை அவர்கள் உணரமாட்டார்கள். மேசை ஓரத்தில் உயர்ந்த விளிம்புள்ள கருவித்தட்டும், தொடையின்மேல் தடித்த தோல் விரிப்பும் வேண்டும்.

ஒரு கை இழந்தவருக்கு உயரம் மட்டும் போதாது. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸும், மேசையில் துளையிட்டுப் பொருத்தும் தடுப்புக்கட்டைகளும்தான் அவருடைய மற்றக் கை.

உள்ளூரில் செய்யும் வழிகள்

இதற்கு இறக்குமதி மேசை தேவையில்லை. இலகுவானது, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரும்புப் பொக்ஸ் பார் கால்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு, தடித்த போல்ட்டால் பூட்டலாம். வெல்டிங் பட்டறை எதிலும் இதைச் செய்விக்கலாம். குறை என்னவென்றால், உயரம் மாற்ற இரண்டு பேர் வேண்டும்.

தனியாக மாற்ற வேண்டுமானால் வாகனத்தின் ஸ்குரூ ஜக்கை மேசையின் நடுவில் வைத்து உயர்த்திய பிறகு போல்ட்டைப் பூட்டலாம். ஜக் தூக்குவதற்கு மட்டுமே. வேலை நடக்கும்போது பாரத்தைப் போல்ட்தான் தாங்க வேண்டும்.

பணமே இல்லையென்றால், இருக்கும் மேசையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, நுண்ணிய வேலைக்கு அதன்மேல் ஒரு சிறு மேசையை இறுக்கிப் பூட்டலாம்.

மேசை உயர உயர ஆட்டம் கூடும். சீவுவது, கொட்டாப்புளியால் அடிப்பது போன்ற வேலைகளைத் தாழ்ந்த நிலையிலேயே செய்ய வேண்டும். கால்களுக்குக் குறுக்கே பின்பக்கம் சாய்சட்டம் போட்டு, மேசையைச் சுவரோடு பிணைத்தால் நல்லது. சக்கர நாற்காலியில் இருந்து சீவுபவர் தள்ளும்போது நாற்காலியும் பின்னால் போகும். பிரேக் போட்டாலும் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கட்டை வேண்டும்.

வட்டவாள் வேறு விடயம். இருந்தபடி வேலை செய்பவரின் முகம் வாளுக்குக் கிட்ட வந்துவிடும். வாள் காப்பும் கண்ணாடியும் இல்லாமல், மேசையைத் தாழ்த்தியது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

யாரிடம் கேட்பது?

இது தயவு கேட்கும் விடயமல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக வேலைக்கு ஆட்சேர்ப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 27ஆவது உறுப்புரை, வேலைத்தளத்தில் நியாயமான வசதி செய்துகொடுக்கச் சொல்கிறது. உயரம் மாறும் மேசை அப்படியான வசதிதான்.

வாழ்வாதாரத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் கருவிப் பட்டியலின் முதல் வரியில் மேசையை எழுதுங்கள். பக்கத்தில் மூன்று அளவுகளைக் குறியுங்கள்: நிற்கும்போது முழங்கை உயரம், இருக்கும்போது முழங்கை உயரம், இருக்கும்போது முழங்காலின் உயரம். அளவில்லாமல் வரும் மேசை, கொஞ்ச நாளில் சாமான் அடுக்கும் தட்டாகிவிடும்.