மூத்தாப்பாவின் றெக்கோட் பிளேயரும் ஒரு ஸ்குரூவும்

சின்ன வயதில் நாங்கள் மூத்தாப்பாவின் றெக்கோட் பிளேயரைத் "திருத்தினோம்". ஊசி பிடிக்கிற கை இலேசாக ஆடியது, ஸ்குரூவை இறுக்கினோம். ஆட்டம் நின்றது. ஆனால் நாகூர் ஹனீபாவின் தட்டு ஓரிடத்தில் சிக்கி, சொன்னதையே சொல்லத் தொடங்கியது. வாப்பாவிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

எங்கே பிழை விட்டோம் என்பது வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது.

பழைய 78 தட்டுகளில் ஊசியின் மேல் 100 கிராமுக்கும் கூடிய பாரம். கையின் மூட்டில் கொஞ்சம் உராய்வு இருந்தாலும் அந்தப் பாரம் இழுத்துக்கொண்டு போய்விடும். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. தவாளிப்பு மெலிந்தது, பாரம் சில கிராமுக்கு இறங்கியது. 1958அளவில் ஸ்டீரியோத் தட்டுகள் கடைக்கு வந்தன. மோனோவில் ஊசி பக்கவாட்டில் அசைந்தால் போதும். ஸ்டீரியோவில் மேலும் கீழும் அசைய வேண்டும். இனி மூட்டு இறுகினாலும் கெடுதி, தளர்ந்தாலும் கெடுதி. இறுகினால் ஊசி தவாளிப்பின் சுவரை அராவும். தளர்ந்தால் கை நடுங்கி ஒலி கலங்கும்.

இதற்கு நல்ல விடை தந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் அலஸ்டெயர் றொபட்சன்-ஐக்மன். 1946இல் மாதிரிப் பொருட்களுக்கான உதிரிப்பாகம் செய்யும் கம்பனி தொடங்கியவர், 1959இல் தன் சொந்தப் பாவனைக்கு ஒரு கை செய்தார். அதுவே எஸ்.எம்.ஈ. என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மேல்கீழ் அசைவுக்கு அவர் வைத்தது கத்திவிளிம்பு. நம் விஞ்ஞான ஆய்வுகூடத் தராசின் தண்டு எதன்மேல் நிற்கிறதோ, அதே முறைதான்! உராய்வு மிகக் குறைவு. ஆனால் விளிம்பை இருக்கையில் பிடித்து வைத்திருப்பது கையின் பாரம் மட்டுமே.

டெக்கா கம்பனி ஒற்றை முனையில் கையை நிறுத்தி, சிலிக்கன் எண்ணெயால் நடுக்கத்தை அடக்கியது. ஆட்டம் அறவே இல்லை, ஆனால் கை பக்கம் சரியாமல் சமன் செய்வது பொறுமைக்காரருக்கான வேலை. இரண்டு அச்சிலும் குண்டுப் பெயரிங் போட்ட வளைய அமைப்பே பிறகு பரவலானது. எஸ்.எம்.ஈ.யே 1980களில் தன் ஐந்தாம் சீரிஸ் கைக்குக் குண்டுப் பெயரிங்குக்கு மாறியது. வீட்டுப் பாவனைக்கு எங்கள் தெரிவும் அதுவே.

பழைய பிளேயர் வாங்குபவர்கள் இதைச் செய்து பாருங்கள். ஊசிக்கு உறை போட்டு, பக்க இழுவையைப் பூச்சியத்தில் வைத்து, பின்பாரத்தை நகர்த்திக் கையை மிதக்க விடுங்கள். மெதுவாக ஊதினால் அது தடங்காமல் நகர வேண்டும். பிறகு விரலால் மிக மெல்ல அசைத்தால் 'டிக்' என்ற ஆட்டம் இருக்கக்கூடாது. இருந்தாலும் ஸ்குரூவை நீங்களே முறுக்க வேண்டாம். கூடுதலாக இறுக்கினால் குண்டுகள் தம் பாதையில் பள்ளம் விழுத்திவிடும்.

மூத்தாப்பாவின் பிளேயரையும் பல வருடம் கழித்து ஊதிப் பார்த்தோம். கை பாதித் தூரம் வந்து, அங்கேயே நின்றது.