ஒற்றை எஞ்சினில் ஓர் ஏற்றம்

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் தேதி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் விமானத் தளத்திலிருந்து மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்னும் யுத்த விமானத்தின் மாதிரி ஒன்றைக் கிளப்பிச் சென்ற ஃபிரிட்ஸ் வெண்டல், மூன்றாண்டுகளுக்கு முன் மணிக்கு 755 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை நிறுவியவர். ஆயினும் அன்றைக்கு அவருடைய சாமர்த்தியத்தோடு துணைக்கு வந்தது, விமானத்தின் மூக்கில் முன்ஜாக்கிரதையாகப் பொருத்தியிருந்த பழைய காற்றாடி எஞ்சின்தான். இறக்கைக்கு ஒன்றாக அமைந்த பி.எம்.டபிள்யூ. ஜெட் எஞ்சின்கள் இரண்டும், தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்திற்குள், உள்ளே சுழலும் தகடுகள் முறிந்து நின்றுபோக, வெண்டல் அந்தக் காற்றாடியின் பலத்தைக் கொண்டே விமானத்தைத் திருப்பித் தளத்தில் இறக்கினார். ஜெட் யுகம் உதயமாகும்போதே எஞ்சின் நின்றுபோகும் அபாயமும் உடன் பிறந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆனால் இந்த அபாயத்தோடு மல்லுக்கட்டி வித்தை கற்ற கதை, ஜெர்மனியைக் காட்டிலும் இங்கிலாந்துக்கே அதிகமாக உரியது. 1943 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த கிளாஸ்டர் மீட்டியர் விமானத்தில் இரண்டு எஞ்சின்களும் உடலை விட்டு வெகுதூரம் விலகி இறக்கைகளுக்குள் பதிந்திருந்தன. ஒன்று நின்றால், மற்றது தள்ளும் வேகத்தில் விமானத்தின் மூக்கு செத்த எஞ்சினின் பக்கமாகத் திரும்பும். அதைத் தடுக்க எதிர்ப்பக்கத்துக் காலால் சுக்கான் மிதியைப் பலங்கொண்ட மட்டும் அழுத்தி நிற்க வேண்டும். போதிய வேகம் இருந்தால்தான் அந்தச் சுக்கானுக்கும் காற்றில் பிடிமானம் கிடைக்கும். தரையை விட்டு எழும் வேகத்துக்கும் ஒற்றை எஞ்சினோடு தாக்குப்பிடிக்கும் வேகத்துக்கும் இடையே மீட்டியரில் ஓர் இடைவெளி இருந்தது. அந்தச் சில விநாடிகளுக்குள் எஞ்சின் நின்றால், நல்ல எஞ்சினின் விசையையும் குறைத்துவிட்டு எதிரே கிடைத்த நிலத்தில் இறங்குவதே விவேகம். விசையைக் குறைக்க மனம் வராதவனை விமானம் மல்லாக்கப் புரட்டிப் போட்டுவிடும்.

இதைக் கற்பிப்பதற்கென்றே, 1948இல் பறந்த இரட்டை ஆசன மீட்டியர் டி-7 விமானத்தில் ஆசிரியர் பின்னும் மாணவன் முன்னுமாக அமர்ந்து, தரையை விட்டுக் கிளம்பிய மறுகணமே ஆசிரியர் ஒரு பக்கத்து எஞ்சினின் விசைப்பிடியான த்ராட்டிலை மூடிவிடுவதும், முழந்தாள் நடுங்க நடுங்க மாணவன் சுக்கானை மிதித்து விமானத்தை நேராக நிறுத்த முயல்வதும் நித்தியப் பயிற்சியாக நடந்துவந்தன. தவறான காலை அழுத்தினால் ஆசிரியர் திருத்துவதற்கும் அவகாசம் இராது. மூடிய ஜெட் எஞ்சினை மறுபடி திறந்தாலும், அது வேகம் கூடி உந்துவதற்குள் விலைமதியாத விநாடிகள் பல கழிந்துவிடும். விமானத்திலிருந்து தூக்கி எறிந்து உயிர்காக்கும் ஆசனமோ டி-7இல் கிடையாது. பிரிட்டிஷ் விமானப் படை தன் சேவையில் பல்வேறு காரணங்களால் இழந்த மீட்டியர்கள் ஏறத்தாழ 890. மடிந்த வைமானிகர்கள் சுமார் 450 பேர். மெய்யாகவே எஞ்சின் பழுதானதால் மாண்டவர்களைக் காட்டிலும், பழுதானதாகப் பாவித்துப் பழகும்போது மாண்டவர்களே அதிகம் என்பது அக்காலத்து வைமானிகர் வட்டாரத்தில் சர்வசாதாரணமான பேச்சு. நோய்க்கு அஞ்சி உட்கொண்ட மருந்தே உயிரைக் குடித்தாற்போன்ற இந்த நிலைமையை, சமாதான காலத்தில் இத்தனை ஆண்டுகள் நீடிக்க விட்டதை மன்னிப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

பரிகாரத்தில் ஒரு பாதி விமானங்களை வடிவமைத்த சிற்பிகளின் கையிலிருந்து வந்தது. 1955இல் பறந்த பிரெஞ்சு காரவெல் என்னும் பிரயாணி விமானம் எஞ்சின்களை உடலின் பின்புறத்தில் ஒட்டிவைத்து வழிகாட்ட, சிறு ஜெட்டுகளும் அந்த வழியையே பின்பற்றின. எஞ்சின்கள் உடலை நெருங்க நெருங்க, ஒன்று நின்றபோது உண்டாகும் திருகலும் சாந்தமடைந்தது. அவற்றில் ஒன்றாக, அமெரிக்காவில் விசிட்டா நகரத்தில் வில்லியம் லியர் உருவாக்கிய லியர்ஜெட் 23, 1963 அக்டோபர் 7ஆம் தேதி பறந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில், அரசாங்கப் பரீட்சை வைமானிகர் ஒருவர், கிளம்பும்போது எஞ்சின் நின்றதாகப் பாவித்துச் சோதித்த சந்தர்ப்பத்தில், இறக்கை மேல் விரிந்து நின்ற தடுப்புத் தகடுகளை மடக்க மறந்ததால், முதல் மாதிரி விமானம் தரையில் விழுந்து எரிந்துபோயிற்று. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். மீட்டியரைப் போலவே இங்கும் விமானத்தைப் பலி கொண்டது பாவனைதான்.

மற்றப் பாதி சட்டத்திலிருந்து வந்தது. லியர்ஜெட் 23இன் எடை 12,500 பவுண்டுக்குச் சற்றே உட்பட்டதாகையால், பெரிய விமானங்களுக்குரிய கடுமையான விதிகள் அதைத் தீண்டவில்லை. அதன் வாரிசான 24ஆம் மாதிரிதான் அவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டது. ஓடுபாதையில் ஒரு தீர்மான வேகம் குறிக்கப்படும். அதற்கு முன் எஞ்சின் நின்றால் விமானத்தை நிறுத்த வேண்டும், பின் நின்றால் ஏற வேண்டும். ஒற்றை எஞ்சினோடு பாதை முடிவதற்குள் 35 அடி உயரம் எய்தி, சக்கரங்களை மடக்கியபின் நூறு அடி முன்னேறுவதற்கு 2.4 அடி வீதம் ஏறும் வல்லமை விமானத்துக்கு உண்டென்று கட்டியவர்கள் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பவை அவ்விதிகளின் சாரம்.

வைமானிகனுக்கு எஞ்சிய வேலை, அந்த வல்லமையைத் தன் அவசரத்தால் கெடுக்காதிருப்பது. சுக்கானால் மூக்கை நேராக நிறுத்தி, குறித்த வேகத்தைக் கைவிடாமல், சக்கரங்களை மடக்கி, 400 அடி உயரம் எட்டும் வரையில் வேறு எந்தக் கைப்பிடியையும் தொடாதிருக்கக் கற்பிக்கிறார்கள். பதற்றத்தில் நல்ல எஞ்சினையே அணைத்துவிட்டவர்களின் கதையும் இத்துறையில் உண்டு. தீர்மான வேகமான வீ-ஒன்னில் எஞ்சின் நின்றதாகப் பாவித்து, வைமானிகர்கள் ‘வீ-ஒன் கட்’ என்று அழைக்கும் இந்தப் பயிற்சி இப்போது பெரும்பாலும் தரையிலேயே, சிமுலேட்டர் என்னும் பொம்மை விமானத்தில் நடைபெறுகிறது. தனி ஒருவர் ஓட்டலாம் என்ற அனுமதியோடு 2006இல் வந்த செஸ்னா மஸ்டாங் போன்ற மிகச் சிறு ஜெட்டுகளின் வைமானிகர்களுக்கும் அதிலிருந்து விலக்கில்லை. எந்தப் பக்கத்து எஞ்சின் நிற்கப்போகிறது என்பதை மட்டும் பரீட்சகர் முன்கூட்டிச் சொல்வதில்லை.