காய்ப்பு ஏறிய கைதான் கிழிகிறது

போன மே மாசம் ஆய்க்குடிக்குப் போயிருந்தப்போ அக்கா மகளும் லீவுக்கு வந்திருந்தாள். பதினோரு வயசு. சென்னையில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிறாள். மத்தியானம் இலை போட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றியதும் அவள் சோற்றில் கை வைக்கவே இல்லை. என்னம்மா என்று கையைத் திருப்பிப் பார்த்தேன். நடுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையில், பழைய பத்து பைசா அளவுக்குத் தோல் கிழிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. கம்பியில் தொங்கிப் பயிற்சி செய்ததில் வந்ததாம்.

எங்கம்மா பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "காய்ப்பு ஏறிட்டுன்னா ஒண்ணும் செய்யாதுளா."

அதற்கு அவள் சொன்ன பதில்தான் என்னை இந்தக் கட்டுரை வரை இழுத்து வந்தது. "இல்ல ஆச்சி, காய்ப்புதான் கிழியுது."

அம்மா கிணற்றுக் கயிறும் கதிர் அரிவாளும் பிடித்த கைக்காரி. அவளுக்குக் காய்ப்பு என்பது கவசம். கை காய்த்துப் போனவர் உழைப்பாளி, கை மெத்தென்று இருப்பவர் நிழலில் வளர்ந்தவர். நம் ஊரில் இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசித்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கயிற்றை இழுக்கிறோம், விடுகிறோம், கை மாற்றுகிறோம். பிடி ஒவ்வொரு முறையும் புதிது. ஜிம்னாஸ்டிக்ஸ் கம்பியில் அப்படி இல்லை. பிடித்த கை பிடித்தபடி இருக்க, மொத்த உடம்பும் கம்பியைச் சுற்றுகிறது. முழு வட்டம் அடிக்கும்போது, கீழே வரும் கணத்தில் கை தாங்கும் விசை உடல் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு வரை போகும். அந்த நேரத்தில் விரல்களின் அடிப்பகுதியில் தோல் மடிந்து, கம்பிக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மேல்தோல் கம்பியோடு ஒரு பக்கம் போக, அடித்தோல் எலும்போடு இன்னொரு பக்கம் போக, இரண்டு அடுக்கும் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கோத்தால் கொப்புளம். அதே சுற்றில் மேல்தோல் அறுந்தால் கிழிசல். அவர்கள் பாஷையில் 'ரிப்'.

காய்ப்பு இதைத் தடுக்கிறது, ஒரு அளவு வரைக்கும். அந்த அளவைத் தாண்டித் தடித்தால் அது மேடாக நிற்கும். மேட்டைக் கம்பி சுலபமாகப் பிடித்து இழுக்கும். காய்ப்பு விறைப்பு, சுற்றியிருக்கும் தோல் மெது. இரண்டும் சேரும் விளிம்பில் பிய்த்துக்கொண்டு வரும். அதனால்தான் விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் காய்ப்பைத் தேய்த்துக் குறைக்கச் சொல்கிறார்கள். குளித்ததும் தோல் ஊறியிருக்கும்போது, பாதம் தேய்க்கிற கல்லால் லேசாக, சுற்றியுள்ள தோலோடு சமமாகும் வரை. முழுசாக எடுத்துவிடக் கூடாது. கிழிந்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, தொங்கும் தோலைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, காய்ந்து வெடிக்காமல் வாசலின் மாதிரி ஏதாவது தடவி மூடி வைக்க வேண்டும். சீழ் பிடித்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, இந்தக் கை எப்போதிலிருந்து கிழிகிறது? 1811-இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற திடலில் ஃபிரெட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் இளைஞர்களுக்காகத் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைத்தார். இன்றைய ஜிம்னாஸ்டிக்ஸ் கம்பிகளின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அன்றைக்கு மரக்கம்பு. இன்று ஆண்களின் ஒற்றைக் கம்பி 28 மில்லிமீட்டர் தடிமன் எஃகு. பெண்களுக்கான, ஒன்று உயரம் ஒன்று தாழ்வு என்றிருக்கும் இரட்டைக் கம்பி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தனிப் பிரிவாக வந்தது. இந்தியாவிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் முதலில் போனதும் அதே ஒலிம்பிக்குக்குத்தான், இரண்டு பேர்.

கம்பி மாற மாற, கையைக் காப்பாற்றும் வழிகளும் சேர்ந்துகொண்டே வந்தன. ஒன்று, வெள்ளைப் பொடி. டிவியில் கையில் தட்டிக்கொண்டு ஊதுவார்களே, அது மெக்னீசியம் கார்பனேட். வியர்வையை உறிஞ்சும். 1950களில் ஜான் கில் என்ற அமெரிக்க மாணவர் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்திலிருந்து இதைப் பாறை ஏறுவதற்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்கப் பாறை ஏறுபவர்கள் இடுப்பில் இந்தப் பொடிப் பை தொங்குகிறது. இன்னொன்று, தோல் பட்டை. மணிக்கட்டில் கட்டி விரலில் மாட்டுவது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பட்டைக்குள், விரல் மடியும் இடத்தில், ஒரு சின்ன உருளையைக் குறுக்கே வைத்தார்கள். அந்த உருளை கம்பியில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். உள்ளங்கைத் தோல் செய்த வேலையில் பாதியைப் பட்டை வாங்கிக்கொண்டது. ஆனால் ஆரம்பத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் பழகுகிறார்கள். அதனால் கிழிசலும் அந்த வயதில்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

நம் நாட்டு மல்லர் கம்பம் இதே பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. 12ஆம் நூற்றாண்டின் 'மானசோல்லாச'த்தில் குறிப்பு இருக்கிற கலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில் பாலம்பட் தாதா தேவ்தர் இதற்கு மறுவாழ்வு கொடுத்ததாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம் இதற்குப் பேர்போன ஊர். இங்கே மரக்கம்பத்துக்கு விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். ஜெர்மன் வழி உராய்வைக் கூட்டிப் பிடியை இறுக்குகிறது, நம் வழி உராய்வைக் குறைத்துத் தோலைக் காப்பாற்றுகிறது. பிடிமானத்துக்குக் கையோடு தொடையும் காலும் சேர்ந்துகொள்கின்றன. கயிற்று மல்லர் கம்பத்தில் எண்ணெய் கிடையாது. அங்கே கயிறு உராயும் கால்விரல் இடுக்கும் தொடையும்தான் கன்றிப் போகும்.

இது வரைக்கும் பொருள்களின் வரலாறு. எனக்கு உறுத்தியது அடுத்த கேள்வி: கை கிழிந்த பிள்ளை "இன்னைக்குப் போதும்" என்று சொன்னால், யார் கேட்டார்கள்?

செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் வடக்கே போனால் தலச்சேரி. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1901-இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இந்திய சர்க்கஸின் பல தலைமுறைக் கலைஞர்கள் அந்த ஊர்க்காரர்கள். பார் விளையாட்டும் ஊஞ்சல் விளையாட்டும் அதே உள்ளங்கையால் ஆடுபவைதான். ஒரே வித்தியாசம், ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை நாளைக்கு வரலாம் என்று வீட்டுக்குப் போகலாம். கூடாரத்தில் டிக்கெட் விற்றாகிவிட்டது. பிறகு ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒப்பந்தத்தில் விற்கப்பட்ட கதைகளெல்லாம் வெளிவந்து, 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது.

பணக்கார நாட்டுப் பளபளப்பான கூடங்களில் மட்டும் வேறு கதையா என்றால், இல்லை. பிரிட்டனில் 2022-இல் வெளியான ஒயிட் அறிக்கை, காயத்தோடு பிள்ளைகளைப் பயிற்சி செய்ய வைத்த பயிற்சியாளர்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அதைப் படித்த பிறகு உள்ளங்கைக் கிழிசலை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ஆபத்தில்லாத காயம், ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் ஒரு பிள்ளை தன் வலியை வாய்விட்டுச் சொல்லி, அதைப் பெரியவர் ஒருவர் நம்புகிறாரா என்று பார்க்கிற முதல் காயமும் இதுதான். இதில் "சும்மா நடிக்காதே" என்று கேட்டுப் பழகியவள், நாளைக்கு மணிக்கட்டு எலும்பு வலித்தாலும் சொல்ல மாட்டாள்.

வலியைப் பற்றி நமக்குத் தெரிந்த பெரிய பாடம் ஒன்று வேலூரில் படிக்கப்பட்டது. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து குறைவதை, நோயே சதையைத் தின்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். பிராண்டும் கூட இருந்தவர்களும் கவனித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. உணர்ச்சி போன கை சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், கருவியின் காம்பை அளவுக்கு மீறி அழுத்தினாலும் விடுவதில்லை. காயம் மேல் காயமாகி விரல் போகிறது. வலி ஒரு காவல் என்பதைக் கடைசி வரை எழுதியும் பேசியும் வந்தார்.

வேலூர் வரை போவானேன், ஆய்க்குடியிலேயே இருக்கிறது. 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதில் ஒன்று, சக்கர நாற்காலியில் அடிக்கடி உடம்பைத் தூக்கி, சாய்த்து உட்காருவது. உட்கார்ந்த இடம் வலிக்காது, ஆனால் புண் வந்துவிடும். நமக்கு வலி தானாகச் செய்துதருகிற வேலையை அவர்கள் கடிகாரம் பார்த்துச் செய்கிறார்கள். சின்ன வயசிலிருந்து அந்தச் சங்கத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போயிருக்கிறேன். இப்படி யோசித்ததில்லை.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்தரம் திண்ணையில் பார்த்த காட்சி. அம்மா தன் குதிகால் தேய்க்கிற கல்லை நன்றாகக் கழுவி எடுத்துவந்து, பேத்தியின் இன்னொரு கையை மடியில் வைத்துக் காய்ப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வருஷமாகக் காய்ப்பை வளர்த்த கை.

"வலிச்சா சொல்லிரணும், என்னா?"

"கொஞ்சம் வலிக்கி ஆச்சி."

அம்மா உடனே கல்லைக் கீழே வைத்துவிட்டாள்.