முதல் மாண்டலினும் பூண்டியின் உளியோசையும்

திருமுருகன்பூண்டி என்றதும் இலக்கிய அன்பர்களுக்குச் சுந்தரர் நினைவுக்கு வருவார். சேரமான் பெருமாள் தந்த பரிசுப் பொருள்களை வேடுவர் பறித்துக்கொள்ள, இறைவனைப் பாடி அவர் மீட்டதாகச் சொல்லப்படும் தலம். இன்று இவ்வூருக்கு வருவோரின் காதில் முதலில் விழுவது சிற்பக்கூடங்களின் உளியோசை. கூடவே பனியன் கம்பெனிகளின் தையல் இயந்திர இரைச்சல்.

அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நண்பர் சென்ற தீபாவளிக்கு முன் எங்களைத் தேடி வந்தார். மகனுக்கு மாண்டலின் வேண்டுமாம். ஒதுக்க முடிந்தது போனஸில் ஒரு பகுதிதான். பையனோ, ஸ்ரீநிவாஸ் வாசித்தது போன்ற ஐந்து தந்தி மின் மாண்டலின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வரலாற்றுக் கிறுக்கர்களிடம் யோசனை கேட்டால் வரலாறுதானே கிடைக்கும்!

மாண்டலின் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் நேப்பிள்ஸ் பட்டறைகளில், சுரைக்காய் போல் முதுகு பருத்த வடிவில் உருப்பெற்றது. 1898இல் அமெரிக்கரான ஆர்வில் கிப்சன், வயலினைப் போல் செதுக்கிய பலகைகளுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள். சுருதி வயலினுக்கு உரியதே. ஆனால் வில் ஓடும்வரை வயலினில் நாதம் நிற்கும். மாண்டலினில் மீட்டிய நாதம் உடனே அடங்கிவிடும். கமகத்துக்கு இரு தந்திகளையும் சுருதி பிசகாமல் சேர்த்து இழுக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே வயலினை ஏற்றுக்கொண்ட கர்நாடக இசை, மாண்டலினை நெடுங்காலம் மெல்லிசைக்கும் திரையிசைக்கும் விட்டுவைத்ததற்கு இதுவே காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த நிலையை மாற்றியவர் 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ். ஆறு வயதில் அவர் எடுத்து வாசித்தது புதிதாக வாங்கிய கருவி அன்று. தந்தை சத்தியநாராயணா வீட்டில் வைத்திருந்த மாண்டலின். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். 1978இல் குடிவாடாவில் அரங்கேற்றம். 1981 டிசம்பரில், 12 வயதில், சென்னைக் கச்சேரி. ஜோடித் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டது, பழைய கருவி எங்கே இடறுகிறது என்று அவர் விரல்கள் கண்டுகொண்ட பிறகு. 2014இல் 45 வயதில் மறைந்தார்.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்சம் இறங்கிவந்தான். சாதாரண எட்டுத் தந்தி மாண்டலின் தேடிக் கோவைக்குப் போனோம். பூண்டிச் சிற்பிகள் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டிக் கேட்பார்கள். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மழுங்கும். நாங்களும் கண்ணை விட்டுவிட்டுக் காதை நம்பினோம். வெறும் தந்தியின் ஒலியையும் 12ஆம் மெட்டில் அழுத்திய ஒலியையும் ஒப்பிட்டால், ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் போல் சேரவேண்டும். சேராவிட்டால் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். அது ஒட்டப்பட்டதன்று, தந்திகளின் அழுத்தத்தில் நிற்பது. மெட்டுகளே இடம் தவறியிருந்தாலோ கழுத்து வளைந்திருந்தாலோ மலிவு விலையில் மருந்தில்லை. பளபளப்பில் முதலிடம் பெற்ற கருவி இந்தச் சோதனையில்தான் கழிந்தது. அடுத்ததில் தந்திகள் மெட்டுக்கு மேல் வெகு உயரத்தில் நின்றன. பிஞ்சு விரல் ஒரே வாரத்தில் வெறுத்துவிடும். மூன்றாவது, வார்னிஷ் மங்கிய ஒன்று. முறுக்காணிகள் வழுக்கவில்லை, 12ஆம் மெட்டும் பொய் சொல்லவில்லை. உறையும் மாற்றுத் தந்திகளும் வாங்கப் பணம் மிஞ்சியது.

வீடு திரும்பியதும் ஜோடிக்கு ஒன்றாக நான்கு தந்திகளைக் கழற்றினோம். இழுப்பது எளிதாயிற்று, ஐந்தாவது தந்திதான் இல்லை. மாண்டலின் ஆசிரியர் அருகில் அகப்படவில்லை. வாய்ப்பாட்டு சொல்லித்தரும் அம்மையார் ஒருவர் ஞாயிறுதோறும் ஸரளி வரிசை பாடிக்காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். கழற்றிய நான்கு தந்திகளும் உறைப் பையில் இருக்கின்றன, அறுந்தால் ஆகும் என்று.